கடைசி நேர ரெண்டரும் செவ்வாய்க்கிழமை முருகனும்

"எந்த சாஃப்ட்வேர்ல ரெண்டர் சீக்கிரம் முடியும்ணா?"

கீபோர்டு கற்றுக்கொண்டு புதிதாகப் பாட்டுப் போட ஆரம்பிக்கிற தம்பிகள் எல்லாரும் கேட்பது இதைத்தான். ரீப்பரா, எஃப்எல் ஸ்டூடியோவா, கியூபேஸா என்று ஒரு பெயரைச் சொல்லுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் பதிலுக்கு "நீ எப்போ ரெண்டர் போடுறே?" என்பேன். "பாட்டு முடிஞ்சதும்தான்" என்பார்கள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற முகத்தோடு. கோளாறு அங்கேதான். நாற்பது ட்ராக்கையும் அத்தனை பிளக்இன்னோடும் உயிரோடு வைத்துக்கொண்டு, கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி பட்டனை அமுக்கினால் எந்த சாஃப்ட்வேரும் இழுக்கத்தான் செய்யும். பாட்டு வளர வளர ட்ராக்குகளை ஒவ்வொன்றாக ஆடியோ ஆக்கிக்கொண்டே வருகிறவனுக்குக் கடைசி ரெண்டர் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது.

நான் இருப்பது கும்மிடிப்பூண்டி. சிப்காட்டில் வேலை, மிச்ச நேரத்தில் வீட்டின் பின்கட்டு அறையில் பாட்டு. ஏ ஷிஃப்ட் வாரத்தில் சாயங்காலம் கிடைக்கும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் தூங்கி எழுந்த பிறகு கொஞ்சம் மத்தியானம் கிடைக்கும். அதனால் எனக்கு வேலை எப்போதும் துண்டு துண்டாகத்தான் நடக்கும். கோடம்பாக்கத்துக்காரர்கள் போல விடிய விடிய உட்கார முடியாது.

இங்கே வருகிற வேலையும் சினிமா வேலை இல்லை. சிறுவாபுரி முருகன் பாட்டு, ஆடி மாசத்துக்குப் பெரியபாளையத்து அம்மன் பாட்டு, ஊர்த் திருவிழாப் பாட்டு, தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு, நடுநடுவே கானா. தெரியாதவர்களுக்காக: கவரைப்பேட்டை தாண்டி சின்னம்பேட்டில் இருப்பதுதான் சிறுவாபுரி பாலசுப்பிரமணியர் கோயில். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய ஸ்தலம். ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து வந்து கும்பிட்டால் சொந்த வீடு அமையும் என்று நம்பிக்கை. செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் வண்டி நகராது. வீடு கட்டி முடித்தவர்கள், வேண்டுதல் பலித்தவர்கள் என்று யாராவது ஒருவர் சொந்தக் காசில் பாட்டுப் போட வருவார். சனிக்கிழமை பாட்டு வரியோடு வந்து, "செவ்வாய்க்கிழமை காலையில யூடியூப்ல ஏறிடணும் சார்" என்பார். முருகனுக்கு அவசரம் இல்லை, இவர்களுக்குத்தான்.

ரெண்டர் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டை ஓடவிட்டுக் கேட்கும்போது கம்ப்யூட்டர் ஒலியைச் சின்னச் சின்னப் பகுதிகளாகக் கணக்குப் போட்டு சவுண்ட் கார்டுக்குத் தள்ளுகிறது. 48,000 சாம்பிள் ரேட்டில் பஃபர் 256 என்று வைத்திருந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் அதற்குக் கிடைக்கிற நேரம் சுமார் 5.3 மில்லி செகண்ட். அதற்குள் எல்லா ட்ராக்கும், எல்லா ரிவெர்பும், மாஸ்டரில் இருக்கிற லிமிட்டரும் கணக்கை முடித்துக் கொடுத்துவிட வேண்டும். முடியாவிட்டால் 'படபட' என்று கிராக்கிள் வரும். பந்தியில் பரிமாறுகிற மாதிரி: இலை காலியாகக் கூடாது, சாம்பார் வரத் தாமதமானால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்துவிடும். ஆஃப்லைன் ரெண்டரில் அந்த நெருக்கடி கிடையாது. சவுண்ட் கார்டு காத்திருக்கவில்லை, ஃபைலில்தானே எழுதப் போகிறது. ப்ராசசர் தன் வேகத்துக்குப் போகும். லேசான பாட்டு என்றால் ஐந்து நிமிஷப் பாட்டை இருபது செகண்டில் முடிக்கும். கனமான பாட்டு என்றால் ஐந்து நிமிஷத்துக்குப் பத்து நிமிஷம் எடுக்கும். ஆனால் கிராக்கிள் மட்டும் வராது.

நான் பயன்படுத்துவது ரீப்பர். வின்ஆம்ப் பிளேயரை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல் செய்தது. தனி ஆளுக்கு 60 டாலர்தான் லைசென்ஸ், பழைய லேப்டாப்பிலும் முனகாமல் ஓடும். அதில் ரெண்டர் போட்டால் அலைவடிவம் வரைந்துகொண்டே போகும் ஜன்னலில் ஒரு எண் தெரியும். நிஜ நேரத்தைப் போல எத்தனை மடங்கு வேகத்தில் போகிறது என்பது அது. பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. நான் பாட்டைவிட அதைத்தான் பார்ப்பேன். முகப்பில் நாதஸ்வரம் மட்டும் வரும்போது 20 எக்ஸ். பம்பையும் உடுக்கையும் சேர்ந்ததும் 11. பல்லவிக்குள் நுழைந்து கோரஸ், ஸ்ட்ரிங்ஸ், மணி எல்லாம் கூடும் இடத்தில் மளமளவென்று இறங்கி 2-க்கு வரும். முதல் சரணத்தில் மறுபடி மூச்சு வாங்கி 9-க்கு ஏறும். இந்த எண் எங்கே விழுகிறதோ அங்கேதான் தின்பவன் உட்கார்ந்திருக்கிறான். பெர்ஃபார்மன்ஸ் மீட்டரைத் திறந்தால் எந்த ட்ராக் எவ்வளவு சிபியு சாப்பிடுகிறது என்று தனித்தனியாகக் காட்டும். அனேகமாக ஒன்றோ இரண்டோதான் திருடன்: கோரஸுக்குப் போட்ட கன்வல்யூஷன் ரிவெர்ப், நாலு மடங்கு ஓவர்சாம்ப்ளிங் வைத்த சாச்சுரேட்டர், இல்லாவிட்டால் ஒரு பெரிய ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரி. மற்ற முப்பதெட்டு ட்ராக்கும் அப்பாவிகள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ப்ராசசரில் எட்டு கோர் இருக்கிறது என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். தனித்தனி ட்ராக்குகளை அந்த எட்டும் பங்கு போட்டுக்கொள்ளும், உண்மைதான். ஆனால் ஒரே ட்ராக்கில் வரிசையாக ஆறு பிளக்இன் மாட்டினால், ஒன்று முடித்துக் கொடுத்தால்தான் அடுத்தது தொடங்க முடியும். அந்த வரிசை முழுக்க ஒரு கோரின் தலையில்தான். எல்லா ட்ராக்கும் வந்து சேர்கிற மாஸ்டரிலும் இதே கதை. மாஸ்டரில் லீனியர் ஃபேஸ் ஈக்யூ, மல்டிபேண்ட், லிமிட்டர் என்று அடுக்கி வைத்துவிட்டு "எட்டு கோர் இருந்தும் ஸ்லோவா இருக்குண்ணா" என்றால் அது லேப்டாப்பின் குற்றமில்லை.

ஆகவே திருடனைப் பிடித்தவுடன் ஃப்ரீஸ். ரீப்பரில் ட்ராக் மேல் ரைட் கிளிக் செய்து ஃப்ரீஸ் கொடுத்தால், அந்த ட்ராக்கின் மிடியும் பிளக்இன்னும் சேர்ந்து ஆடியோவாகி அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், பிளக்இன்கள் இறங்கிவிடும். வேண்டுமென்றால் அன்ஃப்ரீஸ் செய்து பழையபடி மிடியைத் திரும்ப எடுக்கலாம். பவுன்ஸ் அப்படி இல்லை, அது புதிதாக ஒரு ஆடியோ ஃபைல். லாஜிக் 9-இல் 2009-லேயே இருந்த இடத்தில் பவுன்ஸ் செய்யும் வசதி வந்துவிட்டது, கியூபேஸில் 2014 கடைசியில் வந்த எட்டாம் பதிப்பில் சேர்த்தார்கள். எஃப்எல்-காரர்களுக்குக் கன்சாலிடேட். பெயர்தான் வேறு வேறு. புல்லாங்குழல், பாஸ் மாதிரி நடுவில் நிற்கிற ட்ராக்கை மோனோவாகவே ஃப்ரீஸ் செய்யுங்கள். ஸ்டீரியோவாகச் செய்தால் ஒரே ஒலிக்கு இரண்டு மடங்கு இடம் போகும்.

இதெல்லாம் புது யோசனை ஒன்றும் இல்லை. 1967-இல் பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தை அபே ரோட்டில் நாலு ட்ராக் மெஷினில்தான் செய்தார்கள். நாலும் நிறைந்ததும் அவற்றைக் கலந்து இன்னொரு மெஷினின் ஒரு ட்ராக்கில் இறக்கிவிட்டு மேலே வாசித்துக்கொண்டே போனார்கள். அன்ஃப்ரீஸ் கிடையாது. டிரம்ஸ் சத்தம் குறைவாக இறங்கிவிட்டால் குறைவுதான். எண்பதுகளின் கடைசியில் வந்த அக்காய் எஸ்1000 சாம்ப்ளரில் வாங்கும்போது இருந்த மெமரி 2 எம்பி. சிடி தரத்தில் மோனோவாக 24 செகண்ட் ஒலிகூட முழுசாகக் கொள்ளாது. ஒரே சாம்ப்ளரில் தபேலாவை ஏற்றி வாசிக்கவிட்டு, டேப்பில் பதிந்து, அதை அழித்துவிட்டு ஸ்ட்ரிங்ஸை ஏற்றி அதையும் டேப்பில் பதிந்தால்தான் பாட்டு நிறையும். நம்மூரில் இளையராஜா 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கம்ப்யூட்டர் சீக்வென்சர் பயன்படுத்தியது 1986. ரஹ்மான் கோடம்பாக்கத்து வீட்டுக் கொல்லைப்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் தொடங்கியது 1989. வீட்டோடு ஸ்டூடியோ இருந்தால் ஒரு ஒலியைப் பிடித்ததும் அப்போதே பதிந்துவைக்கலாம், வாடகை மணியைப் பார்க்க வேண்டாம். 1992-இல் 'ரோஜா' வந்தபோது ஊரே கேட்ட அந்தப் புதுச் சத்தத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

இத்தனைக்கும், பெரிய ஸ்டூடியோக்கள் எல்லாம் நம்பியிருந்த ப்ரோ டூல்ஸில் ஆஃப்லைன் பவுன்ஸ் வந்ததே 2013-இல், பதினோராம் பதிப்பில்தான். அதுவரை ஐந்து நிமிஷப் பாட்டை பவுன்ஸ் செய்ய ஐந்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும். அதில் ஒரு நன்மையும் இருந்தது என்று பழைய இன்ஜினியர்கள் சொல்வார்கள்: கடைசியாக ஒரு முறை முழுப் பாட்டையும் காது கொடுத்துக் கேட்பார்கள். இப்போது 20 எக்ஸில் ரெண்டர் முடிந்ததும் கேட்காமலேயே வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுகிறோம்.

சரி, ட்ராக்கை எப்போது ஆடியோ ஆக்குவது? சுருதியும் டெம்போவும் நிலைப்பதற்கு முன்னால் கூடவே கூடாது. பாட வருகிறவர் பஜனை கோஷ்டியில் பாடிப் பழகியவர். போனில் கேட்டால் "ரெண்டு கட்டை பாடுவேன் சார்" என்பார். டி-யில் எல்லாம் போட்டு வைத்திருப்போம். மைக் முன்னால் நின்று சரணத்தின் மேல் ஸ்தாயியைத் தொட்டதும், "ஒன்றரைக்கு இறக்கிடலாமா?" என்பார். மிடியாக இருந்தால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அரைச்சுரம் கீழே இழுத்தால் ஆயிற்று. ஆடியோவாகியிருந்தால் நாதஸ்வரத்தைப் பிட்ச் ஷிஃப்ட் செய்ய வேண்டும், அது சீவாளியில் சளி பிடித்த மாதிரி வரும். டெம்போவும் அப்படித்தான். 96-இல் போட்டதை 100 ஆக்கு என்று யாராவது சொன்னால், நீட்டிச் சுருக்கிய பம்பையின் அடி நுனி மழுங்கிப்போகும். தோல் கருவிக்கு உயிரே அந்த முதல் அடிதான்.

அதனால் என் வரிசை இப்படி: வெறும் தாளமும் ஒரு ஹார்மோனியம் சத்தமும் வைத்துப் பாடுகிறவரை ஒரு தடவை முழுசாகப் பாடவிட்டு சுருதி, வேகம் இரண்டையும் உறுதி செய்துகொள்வேன். அதை போனிலேயே காசு போடுகிறவருக்கும் அனுப்பி "சரி" வாங்கிவிடுவேன். அதற்குப் பிறகு அன்றைக்குச் செய்கிற ஒவ்வொரு கருவியையும் அன்றைக்கே ஃப்ரீஸ் செய்துவிட்டுத்தான் ஷிஃப்டுக்குக் கிளம்புவேன். அடுத்த முறை திறக்கும்போது லைப்ரரி ஏறுவதற்குக் காத்திருக்க வேண்டாம், ப்ராஜெக்ட் உடனே திறக்கும். துண்டு துண்டாக நேரம் கிடைக்கிற எனக்கு ரெண்டர் வேகத்தைவிட இதுதான் பெரிய லாபம்.

இன்னொரு காரணமும் உண்டு. இப்போதைய தாள லைப்ரரிகளில் ஒரே அடிக்கு நாலைந்து பதிவு இருக்கும். மாற்றி மாற்றி வாசிக்கும், மனுஷன் வாசிப்பது போலத் தெரிவதற்காக. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கொஞ்சம் வேறு மாதிரி வரும். கேட்கும்போது உடுக்கை ஒரு இடத்தில் அற்புதமாக விழுந்திருக்கும், கடைசி ரெண்டரில் தேடினால் இருக்காது. நல்லது விழுந்த அந்த நிமிஷத்தில் ஆடியோவாக்கினால்தான் அது உங்களுடையது.

எல்லாவற்றையும் ஆஃப்லைனில் போடவும் முடியாது. பழைய ரோலண்ட், கோர்க் கீபோர்டின் சத்தம் வேண்டும் என்று அதை வெளியே மாட்டியிருந்தால் அதை நிஜ நேரத்தில்தான் பதிய வேண்டும். கீபோர்டுக்கு 20 எக்ஸ் வாசிக்கத் தெரியாது. ரீப்பரில் இதற்கென்றே ஆன்லைன் ரெண்டர் என்று தனியாக இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாம்பிள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வாசிக்கிற சில பழைய பிளக்இன்கள் வேகமான ரெண்டரில் சுரங்களை விழுங்கிவிடும். சந்தேகம் வந்தால் அந்த ஒரு ட்ராக்கை மட்டும் ஒரு மடங்கு வேகத்தில் போட்டு எடுங்கள். ரிவெர்பின் வால் வெட்டுப்படாமல் இருக்க முடிவில் நாலைந்து செகண்ட் கூடுதலாக விடுங்கள். கோயில் மணியில் முடிகிற பாட்டுகளில் அந்த மணியின் கார்வை பாதியில் அறுபட்டால் கேட்கிறவர் பாட்டையே குறை சொல்லுவார்.

எங்கள் ஊர்க் கவலைகள் தனி. சுற்றிலும் ரோலிங் மில், ஃபர்னஸ், ஃபவுண்டரி. மின்விளக்கு மங்கி எழுவது இங்கே யாருக்கும் செய்தி இல்லை. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யுபிஎஸ் இல்லாமல் நீண்ட ரெண்டர் போடுவது சூதாட்டம். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் நின்றுபோகாது, ஆனால் கரண்ட் போனதும் ப்ராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 12 எக்ஸில் போனது 5-க்கு இறங்கும். சூடு அதைவிட மோசம். அக்னி நட்சத்திரத்தில், ஷீட் கூரைக்குக் கீழே, மத்தியானம் இரண்டு மணிக்கு ரெண்டர் போட்டால் முதல் ஒரு நிமிஷம் நன்றாக ஓடும், அப்புறம் சூடு தாங்காமல் ப்ராசசர் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். குட்டிக் குட்டி ஃப்ரீஸ்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, சூடேறுவதற்குள் வேலை முடிந்திருக்கும். பென்டிரைவில் நேராக ரெண்டர் போடும் பழக்கத்தையும் விடுங்கள். எழுதுகிற வேகம் அதற்குக் கிடையாது. உள்ளே இருக்கிற எஸ்எஸ்டியில் போட்டுப் பிறகு காப்பி செய்வதே சீக்கிரம்.

பட்ஜெட் கொஞ்சம் இருந்தால் மிக்ஸிங்கைச் சாலிகிராமம் பக்கம் ஒருவரிடம் கொடுப்பேன். அவருக்கு ஸ்டெம், அதாவது ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி ஆடியோ ஃபைலாக, அனுப்பும்போது கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். 48,000, 24 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிஷத்துக்கு 17.28 எம்பி. ஐந்து நிமிஷப் பாட்டில் நாற்பது ட்ராக் என்றால் கிட்டத்தட்ட மூன்றரை ஜிபி. மோனோவாக இருக்க வேண்டியதை மோனோவாகவே வைத்திருந்தால் அது இரண்டரைக்குக் கீழே வரும். வேவ் ஃபைலை ஜிப் செய்தாலும் பெரிதாகக் குறையாது. ஃப்ளாக் ஆக்கினால் பாதிக்குப் பக்கமாகக் குறையும், தரத்தில் ஒரு துளி போகாது. போன் ஹாட்ஸ்பாட்டில் ஏற்றுகிறவனுக்கு இந்தப் பாதி பெரிய விஷயம். எல்லா ஸ்டெம்மும் பாட்டின் பூஜ்யத்திலிருந்தே தொடங்க வேண்டும், இரண்டாவது சரணத்தில் மட்டும் வருகிற வீணையாக இருந்தாலும். மாஸ்டர் லிமிட்டர் வழியாகப் போட்டு அனுப்பாதீர்கள். அங்கே அவர் இன்னொரு லிமிட்டர் போடுவார், பாட்டு சப்பையாகிவிடும். ஃபைல் பெயரில் கருவி, டெம்போ, சுருதி மூன்றும் இருந்தால் ராத்திரி பதினோரு மணிக்கு உங்களுக்குப் போன் வராது.

கோயில் சவுண்ட் சர்வீஸ்காரருக்குக் கொடுப்பது வேறு. அவருடைய ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் யுஎஸ்பி போர்டு 24 பிட் வேவ் ஃபைலைப் பார்த்தால் பல நேரம் ஊமையாக நிற்கும். எம்பி3 கொடுங்கள், 320-இல். அதற்கு முன்னால் மாஸ்டரை மோனோவாக்கி ஒரு முறை கேளுங்கள். தெருக்கோடி வரை கட்டியிருக்கிற அத்தனை ஸ்பீக்கரிலும் போவது ஒரே மோனோதான். ஸ்டீரியோவை அகலமாக்கும் பிளக்இன் போட்டு அழகு பார்த்த ஸ்ட்ரிங்ஸ், மோனோவில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அந்த நேரத்தில் ஸ்ட்ரிங்ஸை மட்டும் அன்ஃப்ரீஸ் செய்து, விரிப்பதை எடுத்துவிட்டு மறுபடி ஃப்ரீஸ் செய்ய ஒரு நிமிஷம். மற்றவை எல்லாம் ஏற்கெனவே ஆடியோ என்பதால் கடைசி ரெண்டர் மீண்டும் அரை நிமிஷம்.

பாட்டு வெளியானதும் ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் எடுத்து வைக்கிறவர்களுக்கு ஒன்று. 2002 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் லாஜிக்கைச் செய்துகொண்டிருந்த இமேஜிக் கம்பெனியை வாங்கியது. அந்த வருஷம் செப்டம்பரோடு விண்டோஸ் லாஜிக் நிறுத்தப்பட்டது. விண்டோஸில் வேலை பார்த்தவர்களுக்கு மேக் வாங்கு, அல்லது பழைய மெஷினைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்துக்கொள் என்ற இரண்டே வழி. அன்றைக்கு ஸ்டெம்களை வேவ் ஃபைலாகப் போட்டு வைத்திருந்தவருக்கு மட்டும் எந்தக் கவலையும் இல்லை, இன்றைக்கும் எதிலும் திறக்கும். ஆடி மாசத்து அம்மன் பாட்டை அடுத்த ஆடிக்கு "வேற குரல்ல பாடி மாத்திக் கொடுங்க" என்று கேட்டு வருவார்கள், நிச்சயம் வருவார்கள். அதற்குள் விண்டோஸ் மாறியிருக்கும், ஒரு பிளக்இன்னின் லைசென்ஸ் முடிந்திருக்கும், லைப்ரரி இருந்த ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். நான் ஒவ்வொரு பாட்டுக்கும் மிடி ஃபைல் ஒரு ஃபோல்டர், எல்லா ட்ராக்கும் வேவ் ஆக ஒரு ஃபோல்டர், பாடுகிறவர் குரல் இல்லாத மைனஸ் ஒன் ஒன்று என்று இரண்டு டிஸ்க்கில் போட்டுவிடுவேன். ஃப்ரீஸ் செய்த ஃபைல்கள் ஏற்கெனவே இருப்பதால் கருவி ட்ராக்குகளுக்கென்று தனியாக ரெண்டர் போட வேண்டிய வேலையும் இல்லை, காப்பி செய்தால் போதும்.

குரலை மட்டும் நான் கடைசி வரை ஃப்ரீஸ் செய்வதில்லை. காசு போட்டவர் செவ்வாய்க்கிழமை விடிகாலையில் போன் போட்டு, "சார், என் வீட்டுக்காரம்மா பேரும் பாட்டுல ஒரு இடத்துல வரணும்" என்று சொல்லாமல் இருந்ததே இல்லை.